மலைக்கு இந்தப் பக்கத்துக் குடியரசு

ராஜாவை எதிர்த்து எழுதப்பட்ட எழுத்தை நான் முதன்முதலாகப் படித்தது அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில், ஒரு மருத்துவமனையின் பார்க்கிங் கட்டடத்தில், என் காருக்குள் உட்கார்ந்துகொண்டு. அக்காவின் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தூத்துக்குடிக்காரர், நர்ஸ், லிவர்மோரில் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர். இரண்டு பேருக்கும் வேலை மலைக்கு அந்தப் பக்கம், வீடு மலைக்கு இந்தப் பக்கம். தனித்தனியாக ஓட்டிச் சலிப்பதற்குப் பதிலாக ஒரே காரில் பேசிக்கொண்டு போகலாம் என்று ஆரம்பித்ததுதான் எங்கள் நட்பு.

புத்தகம் அக்காவுடையது. சரியாகச் சொன்னால், அக்கா நூலகத்தில் தவறாக எடுத்தது. அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் காரில் நான் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்வார். குடியேறிகள் ஏன் இங்கிலாந்தை எதிர்த்தார்கள், எத்தனை காலனிகள் இருந்தன, அந்த மாதிரி.

"ஏ பிள்ள, டெஸ்ட் புக்குன்னு நெனச்சு எடுத்துட்டு வந்துட்டேன். உள்ள பாத்தா எல்லாவனும் ராஜாவ ஏசுதான். நீயே வச்சுக்கோ" என்று பின்சீட்டில் போட்டுவிட்டார்.

அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவிடமிருந்து பிரிந்த காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், பிரசங்கங்கள், பத்திரிகைக் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட தொகுப்பு. நான் மென்பொருள் சோதிக்கும் வேலை செய்கிறவள். வரலாற்றுப் புத்தகம் என்றாலே எனக்கு ஆண்டுகளும் போர்களும்தான். தூங்கிவிடுவேன் என்று நினைத்துத்தான் திறந்தேன். அக்கா வந்து கண்ணாடியைத் தட்டியபோது கதவைத் திறக்கக்கூட மறந்து படித்துக்கொண்டிருந்தேன். சண்டை! பக்கத்துக்குப் பக்கம் சண்டை. ஒருவன் எழுதுகிறான், மற்றவன் மறுக்கிறான், மூன்றாமவன் பெயர் போடாமல் இரண்டு பேரையும் கிண்டல் செய்கிறான். எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழு போலவே இருந்தது. இவர்களுக்கு எழுதத் தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

எதையும் பட்டியலாக்கிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். போனில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம், ராஜாவோடு இருந்துவிடலாம் என்றவர்களின் வாதங்கள்: அது தாய்நாடு, அதன் படைதான் நம்மைக் காக்கிறது, அதன் கப்பல் இல்லாமல் வியாபாரம் இல்லை, ராஜா நல்லவர், கெடுப்பவர்கள் மந்திரிகள்தான். வலப்பக்கம், பிரிவோம் என்றவர்களின் பதில்கள்: காத்தது உண்மைதான், ஆனால் தன் சரக்கைக் காத்தது, கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு இங்கே மழையா வெயிலா என்று தெரிவதற்குள் பருவமே மாறிவிடும், அப்பன் சிங்கமாக இருந்தான் என்பதற்காக மகன் சிங்கமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வலப்பக்கத்துக்காரர்களில் பலர் மனிதர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள் என்று முன்னுரையில் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். இதே மகுடம் பிற்பாடு எங்கள் ஊரையும் ஆண்டது என்பதை நினைத்தபோது, தூரத்து உறவினரின் வழக்குக் கட்டைப் படிப்பது போல இருந்தது.

அந்த வாரம்தான் அந்தச் செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிவர்மோரில் ஒரு சமூகக்கூடத்தில் தமிழ் வகுப்புகள் நடக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் பெரிய தமிழ்ப் பள்ளியின் கிளை நாங்கள். பாடப்புத்தகம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் அங்கிருந்துதான் வரும். பள்ளியை உருவாக்கியவர்தான் இன்றுவரை தலைவர். எல்லாருக்கும் அவர் 'சார்'. அவர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: அடுத்த பருவத்திலிருந்து லிவர்மோர் வகுப்புகள் மூடப்பட்டு ஃப்ரீமான்ட்டோடு இணைக்கப்படும், நாம் எல்லோரும் ஒரே குடும்பம். கடைசியில் கும்பிடு போடும் கைகள்.

என் வகுப்பில் யார் யார் மலையேறி வருவார்கள், யார் நின்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் நின்றுவிடும். இரட்டைக் குழந்தைகள் வைத்திருப்பவர்கள், வார இறுதியிலும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரே கார் உள்ள வீடுகள். ஒரு பிள்ளை தமிழை விட்டுவிட்டால் திரும்பி வராது. அக்காவின் மகள் செய்தியைக் கேட்டவுடன் தோளைக் குலுக்கி, "ஓகே, தென் ஐம் டன் வித் டமில்" என்றாள். அன்று காரில் குடியுரிமைக் கேள்விகளே வேண்டாம் என்றுவிட்டார் அக்கா. கேள்வி பதில் இல்லாமல் நாங்கள் மலை தாண்டியது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் காலை, கார் மலை ஏறத் தொடங்கியபோது, நான் சொன்னேன். "அக்கா, நாம பிரிஞ்சிடலாம்."

"யாருகிட்ட இருந்து?"

"ஃப்ரீமான்ட்கிட்ட இருந்து. நம்ம ஸ்கூல நாமளே நடத்தலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் புக்க ஒங்கிட்ட குடுத்தது தப்பாப் போச்சு. அந்தக் காலத்து ஆளுக மாதிரி டீயக் கொண்டு கடல்ல கொட்டணும்னு சொல்லிராத. நம்ம ஆளுக டீ குடிச்சு முடிக்காம எந்தப் புரட்சிக்கும் வரமாட்டாவ."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அன்று சாயங்காலம் இறங்கும்போது அவரே கேட்டார்: "புக்கு யாரு குடுப்பா? ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு மார்க்கோட சேக்குற கிரெடிட் சர்ட்டிபிகேட் யாரு குடுப்பா?" என் போனில் இடப்பக்கத்துப் பத்தி அப்படியே வாய் திறந்து பேசுகிறது! பாதுகாப்பு, கப்பல், வியாபாரம். இந்த நாட்டில் இந்தக் கேள்வியை அவ்வளவு காலத்துக்கு முன்னரே ஒருவன் கேட்டு, இன்னொருவன் பதிலும் எழுதிவிட்டான்.

அந்த வாரம் மதிய இடைவேளைகளில் போன் செய்தேன். பள்ளிக் கல்வி அலுவலகத்தில் விசாரித்ததில், தனிப் பள்ளியாகவே அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பாடப்புத்தகங்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது தெரிந்தது. பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. பிறகு குறைகளின் பட்டியலைத் தயாரித்தேன். எங்கள் வேலையில் பிழையைப் பதிவு செய்ய ஒரு முறை இருக்கிறது: என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. அதே முறையில், ஃப்ரீமான்ட் நிர்வாகத்தின் குறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். தேர்வுத் தேதியை எங்களைக் கேட்காமல் மாற்றியது. ஆண்டு விழாவில் எங்கள் பிள்ளைகளின் நாடகத்தை, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு போட்டது. புத்தகப் பெட்டி பருவம் பாதி போன பிறகு வந்தது. அந்தக் காலத்துக் குடியேறிகளும் ராஜாவின் குற்றங்களை இப்படித்தான் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெற்றோர்கள் படித்துவிட்டு உற்சாகமாகி கையெழுத்துப் போட்டார்கள். ஒரு அப்பா, குழுவில் எப்போதும் பெரிய எழுத்துகளிலேயே எழுதுகிறவர், 'போதும் இந்த அடிமைத்தனம்' என்று எழுதி மூன்று நெருப்புப் படம் போட்டார். பட்டியல் சாருக்குப் போனது.

ஞாயிறு மாலையே சார் என்னைக் கூப்பிட்டார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டில் இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர் அவர். எனக்கு முதல் வீடு பார்த்துக் கொடுத்தவர். தமிழ் எழுத்துகளை இங்கே அச்சடிக்க ஆளில்லாத காலத்தில் தன் வீட்டுக் கராஜில் புத்தகம் கோத்தவர். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"படிச்சேம்மா. எல்லாமே கரெக்ட். எக்ஸாம் டேட் இனிமே உங்களைக் கேட்டுட்டுத்தான். டிராமாவ ஃபர்ஸ்ட் போட்டுடலாம். புக்ஸ ஃபர்ஸ்ட் கிளாஸ் அன்னிக்கே நானே கையில குடுத்துடறேன். கிளாஸ் ஸ்டார்ட் டைம லேட் பண்ணிடறேன், நீங்க நிதானமா மலையேறி வரலாம். சந்தோஷமா?"

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். கிளையை மூடுவதைத் தவிர.

குழுவில் பூச்செண்டுகள் கொட்டின. நெருப்புப் படம் போட்ட அப்பா, 'சார் இஸ் கிரேட்' என்று எழுதினார். எங்கள் புரட்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நான் மறுபடியும் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இந்த முறை ஓட்டமாகப் படிக்கவில்லை. அப்போதுதான் முதல் தடவை நான் தவறவிட்டது பிடிபட்டது. பிரிவோம் என்றவர்களுக்குள்ளேயே இரண்டு வகை இருந்தார்கள். ஒரு வகையினர் ராஜாவின் தப்புகளை எண்ணினார்கள். இன்னொரு வகையினர் தப்புகளை எண்ணவே இல்லை. இந்த ராஜா நாளைக்கே தங்கமாக மாறிவிட்டாலும் எங்கள் கேள்வி மாறாது என்றார்கள். அவர் நல்லவராக இருப்பதும் இல்லாததும் அவர் கையில் இருக்கிறதே, அதுதான் கேள்வி. கொடுக்கிற கைக்கு எடுக்கவும் முடியும்.

நான் பிழைகளைப் பதிவு செய்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்துவிட்டார். அடிப்படை வடிவமைப்பில் இருந்த கோளாறை நான் எழுதவே இல்லை! ஆபீஸில் இந்தத் தப்பைப் புதிதாகச் சேர்ந்த யாராவது செய்தால் நான் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். மலையில் இறங்கும்போது அக்காவிடம் கத்தாத குறையாகச் சொன்னேன்: "அக்கா, டைமிங்கும் டிராமாவும் மேட்டரே இல்ல. யார் டிசைட் பண்றதுங்கறதுதான் மேட்டர்!"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அக்கா. சற்றுத் தூரம் போன பிறகு சொன்னார்: "சரிதான். எம்மவ தமிழ் படிக்கணுமா வேண்டாமான்னு அவரு முடிவு பண்ண, நான் எதுக்கு இருக்கேன்?"

நானும் அக்காவும் வற்புறுத்தியதில், இறுதி முடிவுக்காக லிவர்மோர் பெற்றோர் கூட்டம் ஒன்று ஏற்பாடானது. அழைப்பிதழ் குழுவில் வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு ஏற்றுதல். வரவேற்புரை. தலைமை: சார். பொன்னாடை போர்த்துதல். கலந்துரையாடல். தலைமையுரை. நன்றியுரை.

நான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, சுதந்திரம் வாங்கற கூட்டத்துக்கு ராஜாவையே தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்காங்க."

"பின்ன? தலைமை இல்லாம கூட்டம் எப்படி நடத்த?"

"பொன்னாடை வேற."

"அதெல்லாம் முறைல்லா."

உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களைத் தவிர யாருக்கும் தோன்றியே இருக்காது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அழைப்பிதழைக் கீழே தள்ளினேன். நன்றியுரைக்கு நேராக என் பெயர் இருந்தது. இது எப்போதும் நடப்பதுதான். எந்தக் கூட்டத்திலும் வயதில் சின்னவளிடம் நன்றியுரையைக் கொடுத்துவிடுவார்கள். அதை யாரும் கேட்பதில்லை; பாதிப் பேர் சமோசா இருக்கும் மேசையை நோக்கி நகர்ந்திருப்பார்கள்.

கூட்டம் நான் பயந்தபடியே நடந்தது. விளக்கு ஏற்றியாயிற்று. பொன்னாடை போர்த்தியவர் அதே நெருப்புப் பட அப்பா. சார் மேடை நடுவில், தோளில் சரிகைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். தோளில் பொன்னாடை இருக்கும் ஒருவரைப் பார்த்துக் குறை சொல்ல நம்மால் முடியாது, நாக்கு எழாது. கலந்துரையாடலில் எழுந்த ஒவ்வொருவரும் சாரின் தொண்டைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். மலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு சார் தலைமையுரை பேசினார். நன்றாகப் பேசுவார். கராஜில் புத்தகம் கோத்த கதையைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "குழந்தைங்க தனியாப் போறேன்னு சொன்னா எந்த அப்பா சரின்னு சொல்வான்?" என்றார். கைதட்டல். முன்வரிசையில் ஒரு ஆண்ட்டி கண்ணைத் துடைத்தார்.

நிகழ்ச்சி நிரலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று உறைத்தது. நன்றியுரைதான் கடைசி. நன்றியுரைக்குப் பிறகு எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் யாரும் பேசக் கூடாது. தலைவர்கூட.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். முதலில் நன்றி சொன்னேன், ஒழுங்காக, ஒன்றையும் விடாமல். கூடம் கொடுத்தவர்களுக்கு, சமோசா கொண்டுவந்தவர்களுக்கு, என்னை விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போன சாருக்கு. அது நடிப்பு இல்லை.

பிறகு சொன்னேன்: "சார், நீங்க அப்பா மாதிரின்னு சொன்னீங்க. ஒத்துக்கறேன். ஆனா இந்த ஹால்ல இருக்கற நாங்க எல்லாருமே அப்பா அம்மாவ விட்டு ஃப்ளைட் ஏறி வந்தவங்கதான். நீங்களும்தான் சார். விட்டு வந்ததால யாரும் பிள்ளை இல்லாமப் போயிடல. வாராவாரம் போன் பண்றோம். ஆனா எந்த வீட்ல குடியிருக்கணும், பிள்ளைங்கள எங்க படிக்க வைக்கணும்னு ஊர்ல கேட்டு முடிவு பண்றதில்ல. போன மாசம் நான் குறைங்கன்னு ஒரு லிஸ்ட் அனுப்பினேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க. அதுக்கும் நன்றி. ஆனா நான் எழுதினது தப்பான லிஸ்ட். எங்ககிட்ட குறை ஒண்ணுதான் சார். மலையேறப் போறது நாங்க, முடிவு பண்றது நீங்க. நீங்க எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அது மாறாது. அதனால இந்த வகுப்ப நாங்களே நடத்திக்கறோம்னு நினைக்கறவங்க கையத் தூக்குங்க."

சமோசா மேசைக்குப் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். என் குரல் ஒலிபெருக்கியில் இன்னும் மிச்சமிருப்பது போலிருந்தது. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவேற்புரை சொன்ன அங்கிள் பழக்கத்தில் அவர் பக்கம் குனிந்து, "நன்றியுரை போயிட்டிருக்கு சார்" என்று மெதுவாகச் சொல்வது எனக்குக் கேட்டது.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. வலது கை, உள்ளங்கை முன்னால் தெரிய, நேராக. எனக்கு அந்தக் கை தெரியும். குடியுரிமை உறுதிமொழிக்காகக் காரில் அக்கா ஒத்திகை பார்த்த கை அது. எந்த ராஜாவுக்கும் இளவரசனுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதைப் படித்துவிட்டு, "மாமியாருக்கும் சேத்துச் சொல்லலாமா?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தபோது உயர்ந்திருந்த அதே கை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "வெய்ட், டூ கிட்ஸ் கெட் டு வோட்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானும் தூக்கினாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூடம் இளகியது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. கண்ணைத் துடைத்த ஆண்ட்டி ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார். கடைசியாக நெருப்புப் பட அப்பா, சாரைப் பார்க்காமல், காது சொறிவது போலக் கையை உயர்த்தினார். தூக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் பேர்தான். எண்ணவே தேவைப்படவில்லை.

சார் கூடத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். பிறகு எழுந்து பொன்னாடையை எடுத்து, நிதானமாக மடித்து, கையில் வைத்துக்கொண்டார். முறையை மீறி அவர் பேசியது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்ப, உங்க ஸ்கூல் முதல் ஆண்டு விழாவுக்கு யாரு தலைமை?"

"நீங்கதான் சார்!" என்றது கூடம், ஒரே குரலில்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். என்னிடம் இன்னும் ஒலிவாங்கி இருந்தது. "அதையும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம் சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா. நானும் எலெக்ஷன்ல நிக்கறேன்" என்றார். சமோசா இருந்த பக்கம் நடந்தபோது, மடித்த பொன்னாடையை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்று வைத்தாரா என்று இதுவரை கேட்கவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறு எங்கள் கூடத்தில் வகுப்பு நடந்தது. அக்காவின் மகள் பின்பெஞ்சில் உட்கார்ந்து, ஆண்டு விழாத் தலைவர் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வேட்பாளர் பெயர்களைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது விதி. "திஸ் இஸ் சோ அன்ஃபேர்" என்று சொல்லிக்கொண்டே, சாரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள்.